நான் தானாக விழவில்லை

வலது கையில் மாவுக்கட்டு. இடது கட்டைவிரலால் டைப் செய்கிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஷிஃப்ட்டுக்கு சைக்கிளில் போனபோது கெலமங்கலம் ரோட்டில் ஒரு கார் பின்னாலிருந்து இடித்துவிட்டது. ஓட்டி வந்தவர் ஓடிவிடவில்லை. தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழியில் நிறுத்தி இளநீர்கூட வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.

"எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கார்க்காரர் முந்திக்கொண்டார். "சைக்கிள் ஸ்லிப் ஆயி தானா விழுந்துட்டாங்க டாக்டர்."

ஃபேக்டரியில் எங்கள் லைனில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்து ஏமாந்தார். தானாக விழுந்ததாக ஆஸ்பத்திரியில் பதிவாகிவிட்டால், நஷ்டஈடு கேட்கும்போது இன்சூரன்ஸ்காரர்கள் அதையே எடுத்து நீட்டுவார்கள்.

"இல்லீங்க டாக்டர். இவரு கார் இடிச்சுதான் விழுந்தேன். அப்படியே எழுதுங்க, போலீசுக்கும் சொல்லிடுங்க" என்றேன்.

கார்க்காரர் முகம் மாறிவிட்டது. "நான்தானேம்மா கொண்டாந்து சேர்த்தேன்? இது கர்நாடகா வண்டி. கேஸுன்னு போனா நீங்கதான் பெங்களூருக்கு அலையணும்."

"சேர்த்ததும் நீங்கதான், இடிச்சதும் நீங்கதான். ரெண்டையும் எழுதட்டும். கேஸ நான் குடியிருக்கற ஊர்லயே போடலாம் சார். அலையப்போறது நீங்க."

காலையில் கார் இடித்த இடத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், சாட்சி சொல்ல கமெண்ட்டில் கை தூக்குங்கள். என்னால் இப்போதைக்கு ஒரு கையைத்தான் தூக்க முடியும்.