மகள் வளவில் நின்ற கார்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் வந்தேன். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு ஸ்பேனர் பெட்டி. வீடு மனைவிக்கு அவளுடைய தாய் கொடுத்தது. அவள் அதை எங்கள் மகளுக்குக் கொடுக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் காரைக் கொண்டுவந்து வீட்டுக்கு முன்னால் வளவில் விட்டபோது நான் இதை நினைக்கவில்லை.

கார் அமெரிக்காவில் செய்தது. என்னைவிட வயது கூடியது. நான் வேலை செய்த அரிசி மில்லுக்குப் பின்னால் கிடந்தது. முதலாளியின் தகப்பன் ஓடிய கார். மில்லை மூடும்போது முதலாளி, உனக்குத்தான் இதில் விருப்பம், எடுத்துக்கொண்டு போ என்றார். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கட்டி இழுத்து வந்தோம். பொனற்றுக்குள் ஒரு கோழி அடை கிடந்தது. குஞ்சு பொரித்த பிறகுதான் வேலை தொடங்கினேன்.

என்ன விருப்பம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன். பொனற்றைத் திறந்தால் உள்ளே ஆள் இறங்கி நிற்கலாம். ஆறு சிலிண்டரும் ஒரு வரிசையில் நிற்கும். பெற்றோல் எதால் வருகிறது, கரண்ட் எதால் போகிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிழை இருந்தால் தேடலாம். தேடினால் பிடிபடும். இப்போது வரும் வாகனங்களுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

மெல்ல மெல்லச் செய்தேன். பிரேக் குழாய் மாற்றினேன். காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, பழைய சைக்கிள் ரியூபில் வட்டம் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். பெற்றோல் அதைத் தின்றுவிட்டது. பிறகு தோலில் வெட்டிப் போட்டேன். அது இன்னும் இருக்கிறது. ஆறு வோல்ட் பற்றரிக்கு அலைந்தேன். சாமான்கள் பாதி காத்தான்குடியில் பழைய இரும்பு எடுக்கிற ஒருவரிடம் கிடைத்தன. சின்ன லொறியில் ஊர் ஊராகப் போவார். வித்தியாசமான ஆணி கண்டால் எனக்கென்று எடுத்து வைப்பார். கார் ஓடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு ஒழுங்கை முடிவுவரை போய்த் திரும்பி வருவேன். அவ்வளவுதான் ஓட்டம். எனக்கு அது போதும்.

பிறகு நான் தென்னையில் இருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அது கோடை.

எங்கள் கிணறு கடல்நீர் ஏறுகிற வாவிக் கரையில் இருக்கிறது. மாரியில் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போடலாம். கோடையில் உவர் ஏறும். குளிக்கலாம், குடிக்க முடியாது. வாவியோரத்தில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நாக்குக்குத் தெரியும். இரும்பை யாரும் நினைப்பதில்லை.

காரில் தண்ணீர் வற்ற விடக்கூடாது என்று எப்போதோ மனைவியிடம் சொல்லியிருந்தேன். றேடியேற்றர் குழாயில் சின்ன ஒழுக்கு இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகு அவள் வாளியில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோய் றேடியேற்றரை நிரப்பினாள். வெற்றிலைக் கொடிக்கு ஊற்றுகிற மாதிரி. ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரரிடம், அவர் இல்லாட்டியும் கார நான் பட்டினி போடல்ல என்று சொன்னாள். நான் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடக்கத் தொடங்கிப் போய்ப் பார்த்தபோது இஞ்சின் பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற அறை இருக்கிறது. அதன் சுவரில் வட்டமான தகட்டு மூடிகள் அடித்திருப்பார்கள். பக்கத்தில் மூன்று, பின்னால் ஒன்று. உப்பு அவற்றைத் தின்றிருந்தது. விரலால் அமத்தினேன். விரல் உள்ளே போனது.

அவளிடம் சொல்லவில்லை. கால் முழுதாகச் சுகம் வரட்டும் என்று காரை மூடிப் போட்டேன். அது அப்படியே நின்றது.

போன ஆனி மாதம் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதியாயிற்று. நாங்கள் இருவரும் பின்னால் உள்ள இரண்டு அறைக்கு மாறுவது என்று முடிவு. பந்தலுக்கு முதலில் நடுகிற கன்னிக்காலுக்கு இடம் பார்க்க ஐயர் வந்தார். சூரியனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். நேரே போய்க் கார் பொனற்றில் கையை வைத்து, இதில்தான் கால் நட வேண்டும் என்றார். வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டேன். மகளுக்கா காருக்கா கலியாணம் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

காரைப் பின்னுக்குக் கொண்டுபோக வழியில்லை. கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவில் சைக்கிள்தான் போகும். அன்று மத்தியானம் சோறு போடும்போது மனைவி சொன்னாள்.

"இந்த வளவில ரெண்டு பழசு நிக்குது. ஒண்டு ஓடுதில்ல, மத்தது கதைக்குதில்ல. மத்தத நான் பின்னறையில வெச்சுக் கொள்ளுவன். ஓடாதத என்ன செய்யப் போறீங்க?"

கரடியனாற்றில் அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அது நான் பிறந்த வீடு. பெரிய வளவு, பக்கத்தில் வயல்.

"ஓடிப் போனா போகட்டும். இழுத்துக்கொண்டு போக ஒண்ணாது. செத்த மாட்ட ஆரும் தங்கட வளவுக்குள்ள இழுத்து வர விடுவாங்களா? கன்னிக்காலுக்கு முன்னம் ஓடாட்டி இரும்புக்குத்தான்."

அவள் சொன்னதில் பிழையில்லை.

அக்காவுக்கு போன் எடுத்தேன். கார் நிற்க இடம் கேட்டேன். வீடு என்ர எண்டா நான் கேக்கவே வேணாம் தம்பி, இப்ப மகள்டதானே, அவளக் கேக்கணும் என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போனாலும் ஒரு மகளைக் கேட்கத்தான் வேண்டும். அக்காவின் மகள், என் மருமகள், போனை வாங்கினாள்.

"ஓடி வந்தா நிக்கட்டும் மாமா. ஓடாததுக்கு இஞ்ச ஏற்கனவே ஒரு ட்ரக்டர் கிடக்கு."

வேலை தொடங்கினேன். பக்கத்து மூடிகளைத் துளை போட்டு நெம்பி எடுத்தேன். உள்ளே இருந்து தேத்தண்ணி நிறத்தில் துருச் சேறு வந்தது. கம்பியால் கிண்டிக் கிண்டிக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவினேன். தண்ணீர் தெளிய நாட்கள் எடுத்தன. அந்த அளவில் மூடி மட்டக்களப்புக் கடைகளில் இல்லை. இரும்பு எடுக்கிறவர் காதுக்குக் கதை போயிருக்கிறது. லொறியில் வந்து இறங்கினார். காரை எடுக்கத்தான் வந்தார் என்று மகள் பயந்துவிட்டாள். அவர் ஒரு பித்தளைத் துண்டை என் கையில் வைத்தார். ஏதோ வள்ளத்து இஞ்சின் தண்டில் இருந்தது.

"இதக் கடைய வையுங்க அண்ணன். பித்தளைய உப்புத் தின்னாது."

கார் ஓடாவிட்டால் உங்களுக்குத்தான் என்று மனைவி சொன்னாள்.

"எனக்கு வேணாம் அக்கா. இத நான் வெட்டினா மறுகா என்னட்டச் சாமான் கேட்டு வாறதுக்கு ஆர் இரிக்கா?"

லேத்காரர் மூன்று மூடி கடைந்து தந்தார். அரக்குப் பூசி, மரக்கட்டை வைத்து அடித்து இறக்கினேன். பொருந்தின. நான்காவதுதான் தொல்லை. அது இஞ்சினின் முதுகில், கியர்பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கியர்பெட்டியை இறக்காமல் கை போகாது. என் காலை வைத்துக்கொண்டு தனியாக அதை இறக்க முடியாது. நாளும் இல்லை. இஞ்சினை ஸ்ரார்ட் எடுத்தேன். ஓடியது. பின்னால் இருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டச் சொட்ட ஊற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

கன்னிக்காலுக்கு முதல் நாள் காலையில் வெளிக்கிட்டேன். மனைவி விடியவே எழும்பி நான்கு கேன்களிலும் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். நான் அவற்றைத் தென்னைக்கு ஊற்றிவிட்டுக் குழாயில் பிடித்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட கிணத்துத் தண்ணி உங்கட காருக்குக் குறைவோ?"

"உப்பு."

"எப்பயும் இதத்தானே நான் ஊத்தினன்."

நான் கேன் மூடியை இறுக்கினேன். 

"அதாலயா ஓட்டை விழுந்தது?"

"ஓம்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீ ஊத்தாட்டி அது காஞ்சு கிடந்திருக்கும். அதுவும் கூடாது."

அது முழு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அவள் உள்ளே போனாள். கோபம் என்று நினைத்தேன். சேலை மாற்றிக்கொண்டு வந்து முன் சீற்றில் ஏறி இருந்தாள். இத்தனை காலத்தில் அவள் அந்தக் காரில் ஏறியதில்லை. கலியாண வீட்டு வேலை கிடக்கிறதே என்றேன்.

"வழியில ஆர் தண்ணி ஊத்துற? கதவச் சாத்துங்க."

டவுன் வழியாகப் போனால் வாகன நெரிசலில் நிற்க வேண்டும். நின்றால் இஞ்சின் கொதிக்கும். அதனால் மண்முனைப் பாலத்தால் வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்கு ஏறி, வயல் வழியாகப் போக நினைத்தேன். பாலத்தில் வாவிக் காற்று நேரே முகத்தில் அடித்தது. சூடு காட்டுகிற முள் இறங்கியது. மனைவி ஒரு கையால் கேனையும் மறு கையால் கதவையும் பிடித்திருந்தாள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

கொக்கட்டிச்சோலை கழிந்ததும் முள் ஏறியது. ஒரு மருதமரத்தடியில் நிறுத்தினேன். அவள் உடனே கேனோடு இறங்கினாள். பொறு, சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இஞ்சின் வெடிக்கும் என்றேன். அப்ப இன்னும் என்னென்ன எனக்குச் சொல்லாம வெச்சிருக்கிறீங்க என்று கேட்டாள். காத்திருந்தோம். வயல் வட்டையில் உழவு இன்னும் தொடங்கவில்லை. மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் காரைச் சுற்றிப் பார்த்தார்கள். அதில் மூத்தவர், என்ன, மாப்பிள்ளையும் பொம்பிளையுமா என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் மனைவி. "மாப்பிள்ளைய வீட்ட விட்டு அனுப்பப் போறன்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மனிதரும் பெண் வீட்டில் இருப்பவராகத்தான் இருப்பார்.

இப்படியே நின்று நின்று ஊற்றிக்கொண்டு போனோம். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. கேன்கள் முடிந்தபோது ஒரு பள்ளிக்கூடத்துக் குழாயில் நிரப்பினாள். நிரப்ப முன் ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணி என்று சொல்லிக் கொண்டுவந்தாள்.

கரடியனாற்றில் அக்கா வீட்டுக் கடப்படி வாசலில் கார் நின்றது. உள்ளே போக ஒரு பத்துப் பாகத் தூரம் இருக்கும். பொனற்றால் ஆவி வந்தது. திரும்ப ஸ்ரார்ட் எடுத்தேன், எடுபடவில்லை. மருமகள் கடப்படிக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய புருசன் நல்ல மனிதன். பக்கத்து வீட்டு ட்ரக்டரையும் கயிறையும் கொண்டுவந்து, மாமா கட்டி இழுத்து விடவா என்றான்.

எனக்கு ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. கால் கடுத்தது.

"இழுக்க ஒண்ணாது," என்றாள் மனைவி. "ஆறட்டும். ஓடி வாறன் எண்டுதானே சொன்னீங்க."

நடு வெயில். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. வீதியில் நின்றே குடித்தோம். மனைவி அடிக்கடி பொனற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஒரு மட்டத்தில், இப்ப ஊத்தலாம் என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவள் மெல்ல ஊற்றினாள். நான் இஞ்சினை எடுத்தேன். இருமியது, பிறகு பிடித்தது. முதல் கியரில் கடப்படியைத் தாண்டி உள்ளே போனேன். மருமகள் கையைக் காட்டிய இடத்தில், மாடு அடைக்கிற காலைக்குப் பக்கத்தில், நிறுத்தினேன்.

"ஓடித்தான் வந்திரிக்கு," என்றாள் மருமகள். பிறகு, "அறுப்பு வரைக்கும் நிக்கட்டும் மாமா. மறுகா இதில நெல்லுக் குவிக்கணும். அதுக்குள்ள இது தன்ர பாட்டில அங்கால போற மாதிரி இரிக்கணும்," என்றாள்.

சரி என்றேன். அது அவளுடைய வளவு.

பின்னேரம் பஸ்சில் வந்தோம். மனைவிக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது.  செங்கலடி கழிந்ததும் கேட்டாள்.

"அந்தப் பின்மூடி போட என்ன செய்யணும்?"

"கியர்பெட்டி இறக்கணும்."

"பாரமோ?"

"ரெண்டு பேர் வேணும்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடிந்து கால்மாறிச் சடங்கெல்லாம் ஆகட்டும், வாற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பம் என்றாள்.