வாத்தியாருக்கு மட்டும் புரிந்தது

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து, என் அப்பாவின் முகத்தைப் பார்த்து, கூசாமல் பொய் சொன்னீர்கள். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் தோற்றவள் நான். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா அதே கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்து பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பாள். தோற்ற பெண்ணைக் கம்பெனி வேலைக்கு அனுப்புவதுதான் எங்கள் தெருவில் வழக்கம். நான் அழுதேன். "செப்டம்பர்ல ஒரே ஒரு தடவை எழுதிப் பாக்கறனுங்க அப்பா" என்று கெஞ்சினேன். அவர் இரங்கினார். தேறிவிட்டால் கோயமுத்தூர் காலேஜில் பி.யு.சி. சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். நூல் கடைக்கு மேல் மாடியில் நீங்கள் நடத்திய டுடோரியலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பன்னிரண்டு பேர் படித்தோம். அதில் மூன்று பேர் பெண்கள். கீழே வண்டியிலிருந்து நூல் மூட்டையை இறக்குகிறவர்கள் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் உங்கள் சைக்ளோஸ்டைல் நோட்ஸைக் கத்திக்கொண்டிருப்போம். உயர்கல்வியின் பயன்கள், நவீன சமுதாயத்தில் பெண்கள், கல்லூரி மாணவனும் நாட்டுப் பணியும். எல்லாமே இப்படிப்பட்ட தலைப்புகள். இந்தத் தலைப்புகளில் எழுதப் பழகினால் எந்தக் கேள்வி வந்தாலும் சமாளிக்கலாம் என்பீர்கள். எங்களில் ஒருவரும் காலேஜ் வாசலைப் பார்த்ததில்லை. யுனிவர்சிட்டி, யுனிவர்சிட்டி என்று தொண்டை வறளச் சொன்னோம்.

"மாடர்ன் சொசைட்டின்னா என்னங்க சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீ குடியிருக்கிற ஊருதான்."

"எங்கூட்டுல இன்னும் கக்கூசே இல்லீங்க சார்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். "அதையே இங்கிலீஷ்ல சொல்லு, மார்க் போடறேன்" என்றீர்கள். அவளும் எழுந்து நின்று எப்படியோ சொன்னாள்.

அதுதான் உங்கள் முறை. ஐந்து நாள் மனப்பாடம். சனிக்கிழமை நோட்டை மூடிவிட்டு, அதே தலைப்பில் சொந்தமாகப் பேச வேண்டும். தப்பு வந்தால் வரட்டும், நிறுத்தக் கூடாது. முதல் சனிக்கிழமை எனக்கு வாயே வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, பெண்கள் பற்றிய தலைப்பில், "மை மதர் ஃபோல்ட்ஸ் பனியன்ஸ். ஷி ஹேஸ் நோ சண்டே" என்று சொன்னேன். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். "இதுதான் இங்கிலீஷ். நோட்ஸ்ல இருக்கறது நான் எழுதினது. இது உன்னோடது." அன்று வீடு போய்ச் சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒப்புக்கொள்கிறேன். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். தமிழில் அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் தமிழில் நான் சொல்லிப் பழகியதெல்லாம் 'சரிங்க' மட்டும்தான்.

ஆவணி பிறந்ததும் சாமளாபுரத்திலிருந்து வரன் வந்தது. நாலு விசைத்தறி ஓடும் வீடு. மாப்பிள்ளை எட்டாவது வரை படித்தவர். வெளியூர் நூல் கம்பெனிகளிலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை, அதனால் இங்கிலீஷ் தெரிந்த பெண்ணாக வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கொஞ்சம் வாய்க்காரர்.

"இதுக்கு முன்னால பொண்ணு பாக்கப் போன ஊட்டுல அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடுன்னாங்க. பேசச் சொன்னா ஏபிசிடியைச் சொல்லிப்போட்டு உள்ள ஓடிப்போச்சுங்க. அது சரியா தப்பான்னுகூட எங்களுக்குத் தெரியாது. விசயம் தெரிஞ்சவங்க ஒருத்தரு பக்கத்துல இருந்தாத் தேவலைங்க" என்றார்.

அதற்காகத்தான் அப்பா உங்களை அழைத்தார்.

பரீட்சை முடியட்டும் என்று நான் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்கப்பா வரச் சொல்லிப்போட்டாரு. அவரு மானத்த வாங்காத" என்று வாயை அடைத்துவிட்டாள். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இங்கிலீஷில் சொன்னால் அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு மட்டும் புரியும். அப்பாவுக்குத் தலைகுனிவு இல்லை. நீங்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்வீர்கள். உங்கள் பேச்சை அவர் தட்ட மாட்டார். இதில் என்ன தப்பு வரும் என்று நினைத்தேன்.

காபி கொடுத்துவிட்டு நின்றேன். "பேசு அம்முணி, கேப்போம்" என்றார் மாமன். நீங்கள் தலைப்பு கொடுத்தீர்கள்: பெண்களும் உயர்கல்வியும். முதல் இரண்டு வரிகளை நோட்ஸில் இருந்தபடி சொன்னேன். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"சார், ஐ டோன்ட் வான்ட் மேரேஜ் நவ். ஐ வான்ட் டு ரைட் மை எக்ஸாம். ஐ வான்ட் டு கோ டு காலேஜ். மை ஃபாதர் வில் லிசன் டு யூ. ப்ளீஸ் டெல் ஹிம்."

கட்டுரை ஒப்பிக்கிற அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா பெருமையாக எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளரை நீங்கள் கீழே இறக்கினீர்கள். நான் பார்த்தேன். உங்களுக்குக் காதிலும் விழுந்தது, புரியவும் புரிந்தது.

"எப்படிங்க சார்?" என்றார் மாமன்.

"பொண்ணுங்களுக்கு மேல்படிப்பு ஏன் வேணும்னு பேசுச்சுங்க. ஒரு தப்பு இல்ல. பி.ஏ. படிச்சவங்ககூட இந்த அளவுக்குப் பேச மாட்டாங்க."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "நமக்கென்னங்க புரியுது. கேக்கறதுக்கு ரேடியோ மாதிரி இருந்துச்சு. வா கண்ணு, வந்து உக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்துத் தலையில் பூ வைத்தார். நான் உங்களையே பார்த்தேன். நீங்கள் காபியைக் குடித்து முடித்தீர்கள்.

அந்த மாதக் கடைசியிலேயே கல்யாணம். நீங்களும் வந்தீர்கள். ஒரு இங்கிலீஷ் அகராதியைப் பரிசாகக் கொடுத்தீர்கள். "ஏன் சார் சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டேன். "நல்லா இரு" என்று சொல்லிப் பந்திக்குப் போய்விட்டீர்கள். அடுத்த ஆடியில் அந்த அகராதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன்.

பரீட்சை நடந்த அன்று சாமளாபுரத்தில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஹால் டிக்கெட் அப்பா வீட்டுக்குத் தபாலில் வந்ததாம். அம்மா யாரிடமும் சொல்லாமல் அடுப்பில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்தால் நான் அழுவேன் என்று போட்டாளாம்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பல வருஷம் கழித்து, அன்று நான் சொன்னதை அவரிடம் தமிழில் சொன்னேன்.

"அந்த வாத்தியாரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க அப்பவே எந்திரிச்சுப் போயிருப்போம் புள்ள" என்றார். பிறகு, "நீயாவது தமிழ்ல சொல்லியிருக்கலாம்" என்றார். நான் சொல்லாதது என் தப்புதான். அதை நான் சுமக்கிறேன். உங்கள் தப்பையும் சேர்த்து இத்தனை வருஷம் நானே சுமந்துவிட்டேன்.

இப்போது எனக்கு இங்கிலீஷ் பேச வராது. வருகிற கடிதங்களை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அந்தக் காபி டம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

போன வாரம் ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. உங்கள் டுடோரியலுக்கு வெள்ளி விழாவாம். பெண் கல்விக்குப் பாடுபட்டவர் என்று உங்கள் பெயருக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பழைய மாணவிகளும் வர வேண்டுமாம். வருகிறேன். மாலையை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் வருவீர்கள் அல்லவா, அப்போது பதில் சொல்லுங்கள். அன்று அந்தப் பெண் உங்களிடம் என்ன கேட்டாள்? ஏன் அதைச் சொல்லவில்லை? சபையில் கெட்ட பெயர் வரும் என்ற பயமா? பனியன் மடிக்கிறவள் மகளுக்குக் காலேஜ் எதற்கு என்ற நினைப்பா? எதுவானாலும் சரி, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். அப்பா செத்துவிட்டார். அம்மாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். அவளுக்குப் புரிய வேண்டும்.