ராஜா வேஷக்காரன் மனைவி எழுதிய கட்டுரை

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வரிசை வீடுகளில் கடைசிக் கதவு பொற்கொடியுடையது. அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ரத்தினவேலைப் பார்த்து, விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவனுக்குச் சொந்த ஊர் ஜவளகிரி. அவன் அம்மா சரோஜம்மாள் ஊருக்கும் இங்கேயுமாக இருப்பார். மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'தெக்கத்திக்காரி' என்றுதான் சொல்வார்.

ரத்தினவேல் கம்பெனியில் மிஷின் ஓட்டினாலும், பண்டிகை வந்தால் லீவு போட்டு ஊருக்குப் போய்விடுவான். அங்கே மாரியம்மன் கோயிலில் பவளவல்லி நாடகம் நடக்கும். அதில் ராஜா வேஷம் அவனுக்கு. அவன் அப்பாவுக்குப் பிறகு அவன்தான் கட்டுகிறான்.

அந்த நாடகத்தை நானும் பார்த்திருக்கிறேன். சண்டைக்குப் போய்த் திரும்பும் ராஜா, ராணியின் அறையில் யாருடையதோ ஒரு செருப்பைப் பார்த்துச் சந்தேகப்படுவான். அம்மன் சந்நிதியில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வான். பவளவல்லி அணைப்பாள், கை சுடாது. ராஜா அவள் காலில் விழுவான். அந்த இடத்தில் அழாத பெண் கிடையாது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வழக்கு தீராவிட்டால் கற்பூரம் அணைக்கத்தான் கோயிலுக்குப் போவார்கள். பொய் சொல்லி அணைத்தால் குடும்பம் விளங்காது. நான் அதை நம்புகிறவள்.

பொற்கொடி அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் வகுப்பு. பழைய நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் நின்று வாதாடிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். அவள் எடுத்தது பவளவல்லி நாடகம்.

ஒருநாள் அரிசி புடைக்கும்போது என்னிடம் கேட்டாள். "ராஜாத்தியக்கா, பவளவல்லி அணைச்சது சரியா?"

"சரிதானம்மா. இல்லாட்டி எப்படி நம்புவாங்க?"

"தப்பு செய்யாதவ எதுக்குக்கா கையச் சுடணும்? சந்தேகம் யாருக்கு வந்துச்சோ அவன்லா கைய நீட்டணும். 'இவ தப்பு செஞ்சது எனக்குத் தெரியும்'னு அவன் அணைக்கட்டும் பாப்போம்."

எனக்குத் திக்கென்றது. அம்மன் நாடகத்தில் குற்றம் சொல்லலாமா? வாய்க்குள்ளேயே மாரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முறத்தைத் தட்டினேன்.

கட்டுரை முடிந்தது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பொற்கொடி அந்தத் தாள்களை ஒரு ஆளிடம் கொடுத்ததையும், மறுநாள் அவன் திருப்பிக் கொடுத்ததையும் சரோஜம்மாள் பார்த்துவிட்டார். பிரதாப் என்று பேர். வேறு கம்பெனியில் வேலை, அவளோடு அதே வகுப்பில் படிக்கிறவன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தம்கூட எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"இவ்ளோ எழுத்து இவளுக்கு எங்கிருந்துடா வரும்?" என்று வாசலில் நின்றே மகனிடம் கேட்டார் சரோஜம்மாள். "அவன் எழுதிக் குடுத்துக்கினு இருக்கான். சும்மாவா எழுதிக் குடுப்பான்?"

ரத்தினவேல் கட்டுரையைப் படித்தான். படித்ததும் அவனுக்குச் சந்தேகம் கூடித்தான் போனது. அவன் வேஷம் கட்டுகிற ராஜாவையே கட்டுரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருந்தது. பெண்டாட்டி தன்னை இப்படிக் கேட்பாள் என்று அவனால் நினைக்க முடியவில்லை. வேறு ஒருத்தன் கேட்டிருப்பான் என்று நினைப்பது சுலபமாக இருந்தது. அவள் போன் மணி அடித்தால் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று விசாரித்தான்.

பொய் சொல்வானேன், எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. அவள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன், எழுதியதைப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சையும் அவன்தான் சொல்லிக் கொடுத்தானோ என்னவோ.

கட்டுரையைக் கொடுக்கக் கடைசி ஞாயிறு வந்தது. அதற்கு முந்தின நாள் சாயந்திரம் ரத்தினவேல் சொல்லிவிட்டான். "கோயிலுக்கு வந்து, நான்தான் எழுதினேன்னு கற்பூரம் அணை. அணைச்சா நானே வண்டியில கூட்டிக்கினு போறேன். இல்லன்னா படிப்பு இதோட போதும்."

எங்கள் தெரு மாரியம்மனுக்கு விளக்குப் போடுவது நான். தட்டில் கற்பூரம் ஏற்றிப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பொற்கொடி தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"அணைம்மா" என்றார் சரோஜம்மாள். "பயமா?"

"பயமில்ல அத்தை. நான்தான் எழுதினேன். ஆனா அணைக்க மாட்டேன்."

"பாத்தியாடா! நான் சொல்லல?"

"அணைச்சா நான் எழுதினது பொய்யாயிரும்லா. அதுல என்ன எழுதியிருக்கேன்னு உங்க மவன் படிச்சாரு." அவள் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, சந்தேகம் உங்களோடது. நான் எழுதலன்னு உங்களுக்குத் தெரியும்னா நீங்க அணைங்க. நாளைக்கே படிப்ப விட்டுருதேன்."

ரத்தினவேல் ஒரு அடி முன்னால் வந்தான். எத்தனையோ பண்டிகையில் கற்பூரத்துக்கு எதிரில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றவன். அங்கே கையை நீட்டும் முறை அவனுக்கு வந்ததே இல்லை. கையைப் பாதி தூக்கினான். தெரியாததைத் தெரியும் என்று அம்மன் முன்னால் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. கையை இறக்கிக்கொண்டான்.

"அவன்கிட்ட என்னாத்துக்குக் காமிச்ச?" என்றான், குரல் இறங்கி.

"அவரு படிச்சுப் பாக்கேன்னாரு. படிச்சுட்டு, எல்லாம் தப்பு, ராணி அணைச்சதுதான் சரின்னு சண்டைக்கு வந்தாரு."

"அவனுக்கு நாடகத்தப் பத்தி என்னா தெரியும்?"

"அதத்தான் நானும் கேட்டேன். எங்க வீட்டுலயே ராஜா இருக்காருன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரோஜம்மாள் என்னை முறைத்தார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. யாரும் அணைக்காத கற்பூரத்தை என்ன செய்வது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணைக்காவிட்டால் அது சத்தியம் இல்லை, ஆரத்திதானே. தட்டை அம்மனுக்கு மூன்று முறை சுற்றிக் காட்டிவிட்டு அவர்கள் பக்கம் நீட்டினேன்.

பொற்கொடி இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ரத்தினவேல். தீ சிறுத்து அணையப் போகிற நேரத்தில்தான் சரோஜம்மாள், அம்மனை விட மனசில்லாமல் அவசரமாகத் தொட்டுக்கொண்டார். அப்போதும் மருமகளின் இடுப்பில் இருந்த தாள்களைத்தான் பார்த்தார்.

மறுநாள் ரத்தினவேலே வண்டியில் கூட்டிப் போனான். அவள் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வகுப்பு முடிந்து வரும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தானாம். உள்ளே போகிறவர்களில் பிரதாப் யார் என்று அடையாளம் பார்த்துக்கொண்டு.