அண்ணன் மடித்த குடை

என் அண்ணன் பிறக்கும்போதே வெள்ளையாகப் பிறந்தவன். தோல், தலைமுடி, இமை எல்லாமே வெளுப்பு. அப்பா, அம்மா, நான் மூவரும் நல்ல கறுப்பு. வெயிலில் அவனால் கண்ணைத் திறக்க முடியாது. எதிரே வரும் பஸ்ஸின் நம்பரும் தெரியாது. நசரத்பேட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நெடுஞ்சாலையைத் தாண்ட என் கையைப் பிடித்துக்கொள்வான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து.

பள்ளிக்குக் கண் பரிசோதனைக்காக வந்த டாக்டரம்மா, அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி கிடையாது, முழுக்கைச் சட்டையும் தொப்பியும் குடையும் இப்போதே பழக்கிவிடுங்கள், வளர்ந்த பிறகு கேட்கமாட்டான், விட்டால் பின்னால் புற்றுநோய்கூட வரலாம் என்றார். அம்மா பயந்துபோய் அன்றைக்கே குடை வாங்கினாள். கிடைத்தது ஊதாப் பூப்போட்ட பெண்கள் குடைதான்.

அண்ணன் ஒரு வாரம் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். வெயிலில் அவன் முகம் சுருங்காமல் இருந்ததை அந்த வாரம்தான் பார்த்தேன். பையன்கள் சிலர் பின்னாலேயே வந்து, துரைசானி போறா என்று கத்தினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது.

ஒரு நாள் தெருமுனையில் நின்றுகொண்டு சொன்னேன்: "கொடைய மடிச்சுக்கினு வா. இல்லாங்காட்டி நான் உன் கூட வரமாட்டேன். நீயே ரோட்டத் தாண்டிக்கோ."

குடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அம்மா கண்ணுக்கு மறையும்வரை குடை விரிந்திருக்கும், தெரு திரும்பியதும் மடங்கிவிடும். அடுத்த வருஷம் அதுவும் நின்றது. தொப்பி வேண்டாம், முழுக்கைச் சட்டை வேண்டாம் என்று அவனே அம்மாவோடு சண்டை போட ஆரம்பித்தான்.

படிப்பு பத்தாவதோடு நின்றது. நெடுஞ்சாலையோரம் கார் கழுவும் கடையில் சேர்ந்தான். பனியனோடு நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கிற வேலை. வருஷம் ஆக ஆகக் கழுத்தும் முன்கையும் சிவந்து, உரிந்து, சொரசொரவென்று ஆகிவிட்டன. நாங்கள் அதைப் பார்த்துப் பழகிப்போனோம்.

அவனுக்கு முப்பத்தைந்து வயதானபோது காதுக்குப் பின்னால் ஒரு புண் வந்தது. மருந்துக்கடைக் களிம்பைத் தடவியே ஆறு மாதம் ஓட்டியிருக்கிறான். கல்யாணமாகி கொரட்டூரில் இருந்த நான் பொங்கலுக்குப் போனபோதுதான் பார்த்தேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சதையெடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். காதில் பாதியை வெட்டியெடுத்தார்கள். அதற்குள் கழுத்தில் இறங்கிவிட்டிருந்தது. வந்த புதிதிலேயே காட்டியிருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஒரு மத்தியானம் அவனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அண்ணா, நான் அன்னிக்கு உன் கொடைய மடிக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்குதா?"

"எனக்கு ஏது கொடை?" என்றான். "ஊட்ல அப்பாவோட கறுப்புக் கொடை ஒண்ணுதானே இருந்துச்சு."

நிஜமாகவே மறந்துவிட்டானா, எனக்காக அப்படிச் சொன்னானா என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை. அடுத்த மாதம் போய்விட்டான். அம்மாவிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. வீட்டில் எல்லாரும் அவன் பிடிவாதத்தைத்தான் குறை சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

போன சித்திரையில் மாங்காடு கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்காக நின்றேன். உச்சி வெயில். பக்கத்தில் ஒரு பெண்ணின் இடுப்பில் நாலு வயதுக் குழந்தை. வெளுத்த முடி, கையில்லாத கவுன், கண்ணை இறுக மூடியிருந்தது. பேசாமல் நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் பக்கத்தில் போய், வெயிலைப் பற்றியும் தொப்பியைப் பற்றியும் டாக்டரம்மா அன்று சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆறாத புண்ணைச் சும்மா விடக்கூடாது என்றும் சொன்னேன். ஊரே புத்தி சொல்லிக் கேட்டு அலுத்தவள் மாதிரி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க அண்ணனும் இப்பிடித்தாம்மா பொறந்தான்" என்றேன்.

அவள் திரும்பினாள். "இப்ப எங்க கீறாரு?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன், நான் தெருமுனையில் நின்று சொன்னதையும் சேர்த்து. வேறு யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருத்தியிடம்.

அவள் பஸ் வந்துவிட்டது. ஏறி, நிழல் விழுந்த பக்கத்து சீட்டாகப் பார்த்துக் குழந்தையோடு உட்கார்ந்தாள்.