தொண்ணூற்று நாலாயிரம் கெசம்

விரல் நுனியில் ஊசியைக் குத்தி, வந்த துளி இரத்தத்தைத் தாளில் தொட்டு, மெசினில் விழும் இலக்கத்தைத் துணி வெட்டும் மேசையிலேயே சோக்கால் எழுதுகிறார் ஹில்மி. காலை ஆறரை மணி. கடையின் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. பக்கத்தில் நேற்று எழுதிய யன்னல் அளவுகள் கிடக்கின்றன. சீனி அளவும் யன்னல் அளவும் கலந்துபோய், ஏறாவூர்க் கலியாண வீடொன்றின் எண்பத்தெட்டு அங்குலத் திரைச்சீலை ஒருமுறை நூற்று முப்பதாக வெட்டுப்பட்டது. மாட்டியபோது நிலத்தில் இரண்டு முழத்துக்கு மேல் மடிந்து கிடந்ததாம். "என்ட சீனிய அவங்கட யன்னல்ல தொங்க விட்டுட்டன் சேர்" என்கிறார். அதன் பிறகும் மேசையில்தான் எழுதுகிறார்.

காத்தான்குடியில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் இந்த மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வருடம் தோஹாவில் தண்ணீர் பவுசர் ஓட்டினார். "ஏசிக்குள்ள குந்தியிருந்து, சோத்தத் திண்டு, ஊரெல்லாம் தண்ணி குடுத்தன். திரும்பி வரக்குள்ள ரெண்டு சாமான் கொண்டு வந்த. சீனி ஒண்டு, சைக்கிள் ஒண்டு." சீனி இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. டொக்டர் நடக்கச் சொன்னார். சப்பாத்து கடித்தது. கட்டிய பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த மலைச் சைக்கிளை அப்போதுதான் வெளியே எடுத்தார். விரல்களைப் பற்றிக் கேட்டால் முகம் மாறாது. "பாரம் குறைஞ்சிட்டுதானே. இனி ஓட்டம் கூடும்."

ஓட்டம் கூடவில்லை. சைக்கிளின் ஆசனத்துக்கு, வெட்டி மிஞ்சிய செந்நிற வெல்வெட் துணியில், தங்கப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருக்கிறார். ஓரத்தில் குஞ்சமும் உண்டு. அதில் ஏறி உட்கார்ந்து முழங்காலை அகட்டி மிதித்துக்கொண்டு கடற்கரை வீதியில் அவர் போனால், வீட்டு விறாந்தை ஒன்று மெல்ல நகர்ந்து போவதுபோல இருக்கும். இந்த உவமை என்னுடையதல்ல. அவருடையதுதான்.

ஒவ்வொரு ஆடியிலும் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, எண்பத்தாறு கிலோமீற்றர் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒன்று நடக்கிறது. மண்முனைப் பாலத்தடியில் தொடங்கி, கொக்கட்டிச்சோலை வயல் வட்டைகளுக்குள்ளால் போய், உன்னிச்சைக் குளக்கட்டில் ஏறி, குடும்பிமலை அடிவாரத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஹில்மி மூன்று வருடம் ஓடியிருக்கிறார். முதல் இரண்டு வருடமும் கடைசி. மூன்றாம் வருடம் கடைசியாகவும் வரவில்லை. சீனி இறங்கி, குளத்துக்கு அப்பால் காட்டுப் பாதையில் விழுந்துவிட்டார். மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவர் கண்டு, தூக்கி இருத்தி, வாயில் வெல்லத்தை வைத்திருக்கிறார்.

எனக்கும் இந்த ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், வாய்க்கொழுப்பு. நான் களுதாவளையில் புவியியல் படிப்பிக்கிறவன். 'தட்டையான ஒரு மாவட்டத்தில் மலைச் சைக்கிள் எதற்கு' என்று இதே சஞ்சிகையில் பகிடியாக ஒரு கட்டுரை எழுதினேன். அமைப்பாளர்கள் கோபிக்கவில்லை. கட்டுரையின் பிரதியோடு ஒரு விண்ணப்பப் படிவத்தை அனுப்பி வைத்தார்கள். ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் அதில் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் செய்யக்கூடிய அநேக மடத்தனங்கள் இப்படிப் பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நடக்கின்றன.

அனுபவசாலி ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம் என்று ஹில்மியின் கடைக்குப் போனேன். நானும் ஓடப்போகிறேன் என்றதும், யன்னலுக்கு அளவெடுப்பவர்போல என்னை மேலிருந்து கீழாகவும் பக்கத்துக்குப் பக்கமாகவும் பார்த்தார். கண் என் வயிற்றில் வந்து நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

விளங்காமல் நின்றேன். உள்ளே தையல் மெசினில் இருந்த அவருடைய மனைவி கைறுன்னிஸா எழுந்து வந்தார்.

"சேர், இவருக்கு நான் ஒரு கண்டிசன் போட்டிருக்கன்" என்றார். இவர்கள் பேச்சில் 'சொல்' என்பது 'செல்' ஆகும். "முதலாவதா வரச் செல்லல்ல. ஒராள், ஒரே ஒராள் இவருக்குப் பின்னால வரணும். கடைசியா வாற ஆள் விழுந்தா ஆர் காணுற? போன முறை மாட்டுக்கார மனிசன் அந்தப் பக்கம் வந்திராட்டி நான் புருசன் இல்லாம இத்தா இருந்திருப்பன். இந்த முறையும் கடைசி என்டா, சைக்கிள் என்ட தம்பிட ஊட்டுக்குப் போகுது."

"நியாயம்தானே" என்றேன்.

"நியாயம்தான்" என்றார் ஹில்மி, என் வயிற்றைப் பார்த்தபடியே. "அல்லாஹ் ஆளக் காட்டிட்டான்."

பிறகு ஆலோசனையும் சொன்னார். "எண்பத்தாறு கிலோமீற்றர் என்டு நினைக்காதிங்க. பயம் வரும். தொண்ணூத்தி நாலாயிரம் கெசம். ஒவ்வொரு கெசமா வெட்டிக்கிட்டே போங்க." தொண்ணூற்று நாலாயிரம் என்பது எனக்கு எந்த விதத்திலும் பயத்தைக் குறைப்பதாகத் தோன்றவில்லை.

ஓட்டத்தன்று விடியற்காலையில் அறுபத்தொரு பேர் பாலத்தடியில் நின்றோம். நான் புதுக் கையுறை, புதுக் கண்ணாடி, பிட்டத்தில் பஞ்சு வைத்த புதுக் காற்சட்டை. ஹில்மி சாரத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றபடி கடைக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தார். இடுப்புப் பையில் பேரீச்சம்பழம், சீனி பார்க்கும் மெசின். இலக்கத் துணியை ஊசி குத்தாமல், சேட்டின் முதுகில் மடிப்பு வைத்துத் தைத்திருந்தார்.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடித்தது. அதைப் பற்றி நான் வருடாவருடம் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். அம்புக்குறி போட்டு வரைந்தும் காட்டியிருக்கிறேன். அது ஒரு மனிதனை வட்டை வரம்பில் நிற்கவைத்துப் பின்னால் தள்ளும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கொக்கட்டிச்சோலை தாண்டுமுன்பே ஐம்பத்தொன்பது பேர் தூசியாகிப் போனார்கள். எனக்கு முன்னால் தெரிந்தது ஒரு செந்நிற வெல்வெட் மட்டும். அதுவும் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போனது.

உன்னிச்சைக் குளக்கட்டில் வதனி என்ற தாதி, பெயர்ப் பட்டியலோடு கூடாரத்தில் இருந்தார். "காட்டுப் பாதைக்குள்ள அம்புலன்ஸ் வராது. ஏலாட்டி இங்கயே நில்லுங்க" என்றார். ஏலும் என்றேன். "அப்ப கெதியா வெளிக்கிடுங்க சேர். நீங்க திரும்பி வந்தாத்தான் நாங்க கூடாரத்தக் கழட்டலாம்."

அடிவாரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில், காட்டுப் பாதையின் ஒரு மதகில் அந்த வெல்வெட்டை மறுபடி கண்டேன். சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஹில்மி மதகுக் கட்டில் இருந்தார். சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரலில் குத்தப் பார்க்கிறார், ஊசி விரலைத் தேடித் தேடிப் போகிறது. கையைப் பிடித்துக் குத்திவிட்டேன். மெசினில் அறுபத்தொன்று; சீனி நன்றாக இறங்கியிருந்தது.

"எழுதி வைங்க" என்றார். எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

பேரீச்சம்பழங்களை ஒவ்வொன்றாகக் கொட்டை எடுத்துக் கொடுத்தேன். மென்றார். கண் எங்கோ இருந்தது. அந்தப் பாதையில் எங்கள் இருவரையும் தவிர ஒரு சீவனும் இல்லை. கைறுன்னிஸா சொன்னது நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"செல்லுங்க" என்றார் கடைசியில். "காது கேக்குது. அங்கால நிக்கிற மாட்டுக்கும் கேட்டிருக்கும்."

பதினைந்து நிமிடம் அவரோடு இருந்தேன். கருணையால் இருந்தேன் என்றுதான் எழுத ஆசை. எழும்பக் கால் ஒத்துழைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மறுபடி குத்தியபோது தொண்ணூற்றாறு. முகத்தில் இரத்தம் வந்துவிட்டது.

"இப்ப நான் முந்திப் போனா அது நியாயமில்ல சேர்" என்றார். "நீங்க எனக்காக நிண்ட. ஒண்டா வெளிக்கிடுவம். பிறகு அவரவர் கால்."

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம். அவருக்கு இந்த ஓட்டத்தில் என்ன போகிறது, என்ன வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மெல்லப் பின்னால் போயிருந்தால் போதும். ஆனால் கச்சான் இப்போது முதுகில் இருந்தது. பாதையும் இறக்கம். காலையிலிருந்து ஒரு மனிதரையும் முந்தாத எனக்கு, ஒருவரையாவது முந்தலாம் என்ற எண்ணம் வந்தது. மிதித்தேன். குளக்கட்டில் வதனி கை காட்டியதற்குக்கூட நிற்கவில்லை. வயல்வெளியில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. எனக்காகத்தான் எழும்பின என்று நினைத்துக்கொண்டேன். சீனி வருத்தக்காரர் ஒருவரை, இரண்டு கால்விரல் இல்லாத ஒருவரை, தோற்கடித்து ஆறு கிலோமீற்றர் நான் வீரனாக இருந்தேன்.

ஏழாவது கிலோமீற்றரில் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. வரம்பில் சைக்கிளோடு சாய்ந்து, காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, குஞ்சம் ஆட ஹில்மி வந்தார். வேகத்தைக் குறைத்தார். என்னைக் கவனமாகப் பார்த்தார்.

"உசிருக்கு ஒண்டுமில்லையே?"

"இல்ல, ஹில்மி காக்கா. கால் மட்டும்தான்."

"அப்ப மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்" என்று சொல்லி, நிற்காமலே இரண்டு பேரீச்சம்பழத்தை என் மடியில் எறிந்துவிட்டுப் போனார்.

கால் இளகியதும் பின்னால் உருட்டிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் போனேன். கால் கிலோமீற்றருக்கு ஒருதரம் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வருகிறேனா என்ற அக்கறையா, வந்துவிடுவேனோ என்ற பயமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவென்றாலும் அவருக்கு உரிமை உண்டு.

நாலு பேர் ஏலாமல் இடையில் நின்றுவிட்டார்கள். முடித்தவர்கள் ஐம்பத்தேழு பேர். ஹில்மி ஐம்பத்தாறாவது. நான் போய்ச் சேர்ந்தபோது சோற்றுப் பார்சல்கூட முடிந்திருந்தது. பாலத்தடியில் புல்லில் விழுந்தேன். வாவித் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. தலைக்கு மேலே ஹில்மி நின்றார், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு.

"மெய்தான் புள்ள. அல்லாஹ்வுக்காக மெய். ஓம், ஒராள் பின்னால வந்த." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் குனிந்தார். "நான் செல்ல நம்புறா இல்ல சேர். நீங்களே ஒருக்காச் செல்லுங்க."

ஒலிபெருக்கியைப் போட்டார். கைறுன்னிஸாவின் குரல் வாவிக்கரை முழுக்கக் கேட்டது.

"சேர், அவருக்குப் பின்னால ஆர் வந்த?"

வாயைத் திறந்தேன். மூச்சுத்தான் வந்தது. ஹில்மி அவசரப்படவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரு கையால் என் தலையைத் தூக்கித் தன் தொடையில் வைத்துத் தண்ணீர்ப் போத்தலை என் உதட்டில் சரித்தார். மறு கையால் கைப்பேசியை என் வாயருகே பிடித்தபடி, நான் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.