ஸப்னாவுக்கு மட்டும் விளங்கிய சொல்

நற்பிட்டிமுனை ஸப்னா கலியாணத்துக்குப் பிறகுதான் சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினாள். ஆங்கிலத் தாளை நினைத்தாலே அவளுக்குப் பயம். கத்தாரில் வேலை செய்த கணவன் றினாஸ் நாளுக்குப் பத்துக் கடினமான சொற்களை அனுப்பிவிட்டு, பின்னேரம் போனில் அவற்றின் பொருளைக் கேட்பான். பிழைவிட்டால், "நாளைக்குச் சரியாச் சொல்லோணும், லோயர் அம்மா" என்று சிரிப்பான்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், அவனுடைய கம்பனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. கொழுந்தன் அஸ்கி எழுத்துக்கூட்டி வாசித்து, தன் அண்ணனைப் பற்றி, "நானாவுக்குக் காயமாம்" என்றான். மாமி ஹாஜறா உடனே இறைவனிடம் துஆக் கேட்கத் தொடங்கினாள்.

ஸப்னா போனை வாங்கிப் பார்த்தாள். காயத்துக்கு முன்னால் 'சக்கம்ட்' என்றொரு சொல் இருந்தது. காயம் தாங்காமல் இறந்துபோனார் என்பது அதன் பொருள். அந்த வீட்டில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன மகள், காயம் பெரிசாமா?"

ஸப்னா மாமியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, அவர் மவுத்தாகிட்டார்."

பரீட்சை நாளில் அவள், கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். போய் எழுதலாம் என்று மௌலவி சொல்லியும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதன்பிறகு அவள் ஓர் ஆங்கிலச் சொல்லைக்கூடப் படிக்கவில்லை.