சனிக்கிழமை மாத்திரை

சுலோச்சனா எங்கள் மயிலாப்பூர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷம். வயது அறுபத்தாறு. ஆற்றங்கரைக் குடிசையைச் சர்க்கார் காலி செய்து ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் குடிவைத்த பிறகும், இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கு வந்து நிற்பாள்.

எலும்புத் தேய்மானத்துக்கு எனக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பெரிய தர்மப் பிரபு மாதிரி அவளுக்கும் சேர்த்து வாங்கினேன். சனிக்கிழமைதோறும் வெறும் வயிற்றில் என் முன்னாலேயே முழுங்குவாள். ஐந்தாம் வருஷம் டாக்டர் போதும் என்றார், நான் நிறுத்திவிட்டேன். அவளுக்குக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியே நாலு வருஷம் ஓடியது.

இந்தத் தை மாதம் அவளுக்குத் தொடைவலி ஆரம்பித்தது. விழவில்லை, அடிபடவில்லை. "படி ஏறுனா உள்ளாற கொடையுது மாமி" என்றாள். ஆஸ்பத்திரியில் முட்டியையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்து, வயசானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். வலித்த நடுத்தொடையை யாருமே படம் எடுக்கவில்லை.

அடையாறில் வேறொரு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"ஒண்ணியும் இல்ல சார்."

அவள் பொய் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்தால்தான் அவளுக்கு அது மாத்திரை. நான் கொடுப்பது காலைக் காபியோடு சேர்த்தி. எனக்குத் தெரியும். ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுத்த வெட்கம் என் வாயை அடைத்துவிட்டது. வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினோம். அதற்கப்புறம் பத்து நாள் அவள் அந்தக் காலோடு படியேறினாள்.

சனிக்கிழமை நொண்டிக்கொண்டே வந்து, தண்ணீர் டம்ளரோடு கையை நீட்டினாள். "மாத்திரை குடு மாமி." அன்றைக்கே ஆட்டோ பிடித்து அவளோடு அதே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொடையெலும்பின் வெளிப்புறத்தில் முடிபோல ஒரு விரிசல் இருந்தது. அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் எலும்பு இரண்டாகியிருக்கும் என்றார். உள்ளே கம்பி வைக்க வேண்டும்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் குடுத்த மாத்திரைதான்டி இப்படிப் பண்ணிடுத்து. மன்னிச்சுக்கோ" என்று அழுதேன்.

"நீ இன்னா வேணும்னேவா குடுத்தே? அழுவாத மாமி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் துன்னுக்கினு இருந்தியே. எப்ப மாமி நிறுத்துனே?"

"நாலு வருஷம் ஆச்சு."

கையை மெல்ல உருவிக்கொண்டாள்.